கிரி அம்மாவும் என் கடைச் சிங்களமும்

பாலுக்கும் மலைக்கும் வித்தியாசம் தெரியாத ஒருவன்தான் இந்தப் பத்தியை வாராவாரம் எழுதிக்கொண்டிருக்கிறான். நானாக இதை வெளியே சொல்லியிருக்க மாட்டேன். ஆனால் போன சனிக்கிழமை ஒரு கோயில் நிறைய ஆட்களுக்குத் தெரிந்துவிட்டது. இனி உங்களிடம் மட்டும் மறைத்து என்ன பயன்?

என் மகளும் யாழ்ப்பாணத்துப் பையன் ஒருவனும் கண்டியில் ஒரே வங்கியில் வேலை செய்கிறார்கள். வட்டி வீதம் பேசிப் பேசியே காதலாகிவிட்டது. பையன் நல்லவன். அவனுடைய அப்பாவும் நல்லவர் — எதைக் கேட்டாலும் "ஓம்" என்று ஆமோதிப்பார், அதற்குமேல் பேசமாட்டார். முடிவு சொல்ல வேண்டியவர் அம்மா. ஓய்வுபெற்ற தாதி. நம் முகத்தைப் பார்த்தே காய்ச்சல் எத்தனை என்று சொல்லிவிடுகிற மாதிரி ஒரு பார்வை. அந்த அம்மாவும் கணவரும் எங்களைப் பார்த்துப் பேச கண்டிக்கு வந்து, எங்கள் வீட்டிலேயே தங்கினார்கள்.

வாசலில் கால் வைத்த நேரத்திலிருந்து நான் "சம்பந்தியம்மா, சம்பந்தியம்மா" என்று வாய் வலிக்கக் கூப்பிட்டேன். அவர் என்னை "ஐயா" என்றார். மரியாதைக்குக் குறைவில்லை. ஆனால் சம்பந்தி என்ற சொல் மட்டும் வரவேயில்லை. அது வந்தால்தான் கல்யாணம் என்று மகள் என் காதில் சொல்லிவிட்டுப் போனாள்.

மாலைத் தேநீருக்கு உட்கார்ந்தபோது அவர் கேட்டார்.

"உங்கட குலதெய்வக் கோயில் எங்க இருக்குது?"

"தெல்தோட்டைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்துலங்க. மாரியம்மன்."

"பழைய கோயிலோ?"

"எங்க தாத்தா காலத்துல தகரக் கொட்டகையா இருந்துச்சு. இப்ப கோபுரத்துக்குப் பெயின்ட் எல்லாம் அடிச்சிருக்கோம்."

"எங்கட ஊர்க் கோயில் ஆயிரம் வருசம் எண்டு சொல்லுவினம்" என்றார். குத்திக்காட்டவில்லை, தகவலாகத்தான் சொன்னார். அவர் கணவர் "ஓம்" என்றார்.

தகவலைத் தகவலாக எடுத்துக்கொள்ளும் பழக்கம் எனக்கு எப்போது இருந்தது? உள்ளே படுத்திருந்த மலைநாட்டு மானம் எழுந்து உட்கார்ந்துகொண்டது. "நாளைக்கு உங்களை ராஜா காலத்துக் கோயிலுக்குக் கூட்டிட்டுப் போறேன். சரித்திரம் எல்லாம் நானே சொல்றேன்" என்றேன்.

சமையலறையில் மனைவி கமலா காத்திருந்தாள்.

"உங்களுக்கு என்ன சரித்திரம் தெரியும்?"

"பூசை செய்றவரு சிங்களத்துல சொல்லுவாரு. நான் தமிழ்ல சொல்லுவேன். அவ்வளவுதானே?"

"இங்க பாருங்க... புள்ளையோட வாழ்க்கை. வாயை வச்சிக்கிட்டு சும்மா வாங்க."

என் சிங்களத்தைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை. அது புடவைக் கடையில் வியாபாரம் பேசிக் கற்ற சிங்களம். மீட்டர், விலை, டிஸ்கவுண்ட் எல்லாம் தண்ணீர்பட்ட பாடு. "சாயம் போகாது" என்பதை நான் சிங்களத்தில் சொன்னால் நம்பாத ஆளில்லை. ஆனால் அம்மன் சரித்திரத்தில் யாரும் சாயம் போகுமா என்று கேட்பதில்லையே.

ஹேவாஹெட்ட வீதியில், தேயிலைச் சரிவுகளுக்குக் கீழே ஒரு சிங்களக் கிராமம். அங்கேதான் அந்தக் கோயில். கருங்கல் சுவர், செதுக்கிய மரத்தூண்கள், உள்ளே சித்திரத் திரைச்சீலை. சிங்களவர்கள் பத்தினி தெய்யோ என்பார்கள். நாம் கண்ணகை அம்மன் என்கிறோம். வெளியே ஒரு மரத்தடியில் நம் பிள்ளையாரும் வசதியாக உட்கார்ந்திருக்கிறார். கமலா நேரே அவருக்குக் கற்பூரம் கொளுத்தப் போய்விட்டாள். போகும்போது என் வாயைப் பார்த்துவிட்டுத்தான் போனாள்.

கப்புராளை — அங்கே பூசை செய்கிற சிங்களவர் — வெள்ளை உடுப்பில் வந்து சிரித்தார். கதையை ஆரம்பித்தார். நான் பக்கத்தில் நின்று தமிழாக்கினேன்.

முதல் பாதி பிழையில்லாமல் போயிற்று. மதுரை, ராஜா, சிலம்பு, நெருப்பு... தெரிந்த கதைதானே? நகரத்தை எரித்த கோபம் அடங்காமல் அம்மன் கடல் தாண்டி இந்தப் பக்கம் வந்தாராம். அவர் நின்ற பாறை சூட்டில் வெடித்ததாம். வெளியே கையைக் காட்டினார். பாறை உண்மையிலேயே பிளந்துதான் கிடந்தது.

அடுத்து கப்புராளை சொன்னது: "கிரி அம்மாவரு ஹத்தெனெக்."

ஹத்தெனெக் என்றால் ஏழு பேர். அது கடையிலேயே தெரியும். அம்மாவரு, அம்மாமார். கிரி? நமக்குத் தெரியாத கிரியா? நீலகிரி, சிவகிரி... மலை.

"ஏழு மலையம்மாக்கள் வந்து அம்மனைக் குளிர வச்சாங்களாம்" என்றேன்.

"மலையம்மாக்களோ?" என்றார் அந்த அம்மா.

"ஆமாங்க. மலையில பொறந்த தாய்மாருங்க. எங்க ஆளுங்க."

'எங்க ஆளுங்க' என்று கப்புராளை சொல்லவில்லை. மொழிபெயர்ப்பாளனுக்கு அந்தச் சுதந்திரம்கூட இல்லையா?

அந்த அம்மா என்னையே பார்த்தார். காய்ச்சல் பார்க்கிற பார்வை.

இதோடு நின்றிருந்தால் தப்பியிருப்பேன். மண்டபத்தில் அன்று ஒரு நேர்த்திக்கடன் நடந்துகொண்டிருந்தது. கிராமத்தில் ஒரு சின்னப் பெண்ணுக்கு அம்மை போட்டுச் சுகமாகியிருந்தது. அதற்காக, கதையில் வந்த அந்த ஏழு பேராக ஏழு அம்மாமாரை உட்காரவைத்து, வாழையிலையில் சோறு படைக்க வேண்டும். பாயில் ஐந்து பேர்தான் இருந்தார்கள். மற்ற இருவர் வர வேண்டிய பஸ் வழியில் நின்றுவிட்டதாம். குழந்தையின் தாய் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். கப்புராளை எங்களைப் பார்த்தார். யோசித்தார். உங்களோடு வந்த அம்மாமார் உட்காருவார்களா என்று என்னிடம் கேட்டார்.

எனக்குப் பெருமை தாங்கவில்லை. அதே நேரம் பதறியும் போனேன். மலையில் பிறந்தவர்களல்லவா உட்கார வேண்டும்? யாழ்ப்பாணத்தில் ஏது மலை?

"சம்பந்தியம்மா, நீங்க ஒண்ணும் நெனச்சுக்கக் கூடாது" என்றேன் பணிவாக. "இதுல மலைநாட்டுல பொறந்த பொம்பளைங்கதான் உக்காரலாமாம். நீங்க தரைப்பக்கம். முறை இல்லையாம். கமலா ஹேவாஹெட்டயில பொறந்தவ, அவ உக்காரட்டும். நீங்க நின்னு பாருங்க."

பெண் கொடுக்கிற வீட்டுக்காரன், மாப்பிள்ளையின் தாயாரைப் பார்த்து, இந்தப் பந்தியில் உங்களுக்கு இடமில்லை என்கிறான். எங்கள் கல்யாணப் பேச்சு வார்த்தைகளின் சரித்திரத்தில் இப்படி ஒருவன் முன்பு இருந்தானா, தெரியாது.

பிள்ளையாரிடமிருந்து திரும்பிய கமலா, கடைசி வரியைச் சரியாகக் கேட்டுவிட்டாள். "ஐயோ, என்ன சொல்லிட்டீங்க?" என்று கையிலிருந்த பூவைக் கீழே விட்டாள்.

அந்த அம்மா கப்புராளையின் பக்கம் திரும்பினார்.

"மட்டத் லமய் துன்தெனெக் இன்னவா" என்றார்.

எனக்கும் மூன்று பிள்ளைகள் இருக்கிறார்கள் என்று அர்த்தம். அதோடு நிற்கவில்லை. சிங்களம் ஆறு மாதிரி ஓடியது. கப்புராளை சிரித்தார். பாயிலிருந்த ஐந்து பேரும் சிரித்தார்கள். நடுவில் "கிரி", அப்புறம் தமிழிலேயே "மலை" என்று இரண்டு சொல் காதில் விழுந்தது. சிரிப்பு எதற்கென்று விளங்கிவிட்டது.

பிறகுதான் என்னிடம் வந்தார்.

"ஐயா, நான் தெற்கில பிரசவ வார்ட்டிலதான் கனகாலம் வேலை செய்தனான். பிள்ளை பெத்த பொம்பிளைக்கு நாங்கள் முதல் சொல்லுறதே கிரி குடு எண்டுதான். கிரி எண்டால் பால். பால் குடுத்த தாய்மார்தான் கிரி அம்மா."

"ஓம்" என்றார் கணவர்.

"மலைக்கு அவை 'கந்த' எண்டு சொல்லுறவை. உங்கட கண்டிக்கே அதிலதான் பேர் வந்தது."

பிறந்ததிலிருந்து கண்டியில் இருக்கிறேன். தினமும் கடைக்கு எதிரே போய் "கிரி தே" என்று கேட்டு வாங்கிக் குடிக்கிறேன். அந்த டீயில் பால்தான் இருக்கிறது, மலை இல்லை. கோயிலுக்குள் நுழைந்ததும் மூளைக்குச் சமஸ்கிருதம் ஏறிவிட்டது.

அவர் கமலாவின் கையைப் பிடித்தார். "வாங்கோ. உங்களுக்கு எத்தினை பிள்ளையள்?"

"ரெண்டுங்க."

"அது காணும், போதும்."

இரண்டு பேரும் பாயில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். அம்மைத் தழும்பு மறையாத அந்தச் சின்னப் பெண் ஒவ்வொருவர் காலிலும் விழுந்து, வெற்றிலை வைத்தாள். எங்கள் கமலாவின் முறை வந்தபோது அவளுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. பக்கத்திலிருந்த அம்மா அவள் கையை எடுத்துக் குழந்தையின் தலையில் வைத்தார். தன் கையையும் அதன் மேலேயே வைத்தார். இலையில் பால்சோறு விழுந்தது. சிங்களத்தில் அதற்குக் கிரிபத். எனக்கு இனி ஜென்மத்துக்கும் மறக்காது.

ஆம்பிளைகள் இரண்டு பேரும் வெளியே, பிளந்த பாறையில் உட்கார்ந்திருந்தோம். மதுரையிலிருந்து எரிந்துகொண்டு வந்தவளிடம், நீ எந்தப் பக்கம், உன் கோயில் எத்தனை வருஷம் என்று அந்த ஏழு பேரும் கேட்டிருப்பார்களா? முதலில் பாலைத்தான் கொடுத்திருப்பார்கள்.

உள்ளே இருந்து கமலாவின் சிரிப்புச் சத்தம். கூடவே அந்த அம்மாவின் சிரிப்பும்.

"என்னைப் பத்தித்தான் பேசுறாங்க போல" என்றேன்.

"ஓம்" என்றார் அவர். அன்றைக்கு அவர் சொன்ன ஓம்களில் அதில்தான் உற்சாகம் அதிகம்.

திரும்பும்போது வேனில் இரண்டு பெண்களும் சேலை நிறம்வரை பேச ஆரம்பித்துவிட்டார்கள். எனக்கும் தெம்பு வந்தது. "கல்யாணத்தன்னைக்கு ரெண்டு பக்கத்து வழக்கத்தையும் நானே மைக்ல வெளக்கிச் சொல்லிர்றேன்" என்றேன்.

அந்த அம்மா முன்சீட்டிலிருந்து மெல்லத் திரும்பினார்.

"சம்பந்தி, கலியாண வீட்டில நீங்கள் சாப்பிடுறதுக்கு மட்டும் வாயைத் திறவுங்கோ."