கடைசிக் கட்டு ஜரிகை

எங்கள் பட்டுக் கடையில் புடவை மடிக்கிற நான்கு பேரில் சுகாசினிதான் பட்டதாரி. தாமலிலிருந்து தினமும் பஸ்ஸில் வருவாள். பி.ஏ. தமிழ். "தமிழ் படிச்சுட்டுப் புடவை மடிக்கிறியேமா" என்று கேட்காத ஆள் கிடையாது. நானும் கேட்டிருக்கிறேன்.

சாப்பாட்டு நேரத்தில் செல்போனைப் பார்த்துப் பைத்தான் கற்றுக்கொண்டாள். கம்ப்யூட்டருக்கு வேலை சொல்கிற மொழியாம். "ஃபங்ஷன்னா ஒண்ணும் இல்லக்கா. செய்ய வேண்டியத ஒருவாட்டி எழுதி, ஒரு பேரு வெச்சிடணும். அப்புறம் பேர சொல்லிக் கூப்பிட்டா அதுவே செஞ்சிடும்" என்றாள்.

"அப்போ நம்மளாட்டம்னு சொல்லு" என்றேன். சிரித்தாள்.

நெசவுக்கு ஜரிகை தருவது எங்கள் கடைதான். போனில் சொன்னால் வியாபாரி மறுநாளே கொண்டுவந்து போட்டுவிடுவார். சொல்லத்தான் ஆளிருக்காது. கொடுக்க ஜரிகை இல்லாமல், பிள்ளையார்பாளையத்தில் நெசவாளர் வீடுகளில் தறி நின்ற பிறகுதான் முதலாளி கலியாணசுந்தரம் கத்துவார்.

சுகாசினி கடைக் கம்ப்யூட்டரில் ஆறே வரியில் ஒரு ஃபங்ஷன் எழுதினாள். தினமும் அதில் ஏற்றுகிற ஜரிகை இருப்பு பூஜ்யம் என்றால் வியாபாரியின் போனுக்குத் தானாகச் செய்தி போய்விடும். நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். பூஜ்யம் போட்டுப் பார்த்தாள், செய்தி போனது. ஐம்பது போட்டுப் பார்த்தாள், சும்மா இருந்தது. முதலாளிக்கு ஒரே சந்தோஷம். "தை பொறந்தா அந்தக் கம்ப்யூட்டர் நாற்காலி உனக்குத்தாம்மா" என்றார். அன்றிலிருந்து அவள் கீழே இருந்த அந்த நாற்காலியைத் துடைக்காமல், புடவை மடிக்கிற மாடிக்கு ஏறியதில்லை.

ஆவணியில் முதலாளி பெங்களூர் போயிருந்தார். ஆறு நாளில் பதினொரு தறி நின்றுபோனது. கல்யாண வீட்டுக்காரர்கள் வேறு கடைக்குப் போய்விட்டார்கள்.

திரும்பி வந்தவர் எல்லோரையும் ஜரிகை வைக்கிற ஸ்டோருக்குக் கூப்பிட்டார். ஸ்டோர் பெரியநாயகி அம்மாவின் பொறுப்பு. அவர் பெட்டியைத் திறந்து காட்டினார். உள்ளே ஒரே ஒரு கட்டு ஜரிகை.

"கடைசிக் கட்ட நான் எப்பவுமே தர்றதில்லப்பா. பொட்டிய வழிச்சா லச்சுமி தங்கமாட்டா. கம்ப்யூட்டர் சொல்லியிருக்கும், சரக்கு வரும்னு, தறிக்காரங்கள நாளைக்கு வாங்கன்னு சொல்லிக்கினு இருந்தேன்."

கம்ப்யூட்டர் எங்கே சொல்லும்? அது பூஜ்யத்துக்குக் காத்திருந்தது. அந்தப் பெட்டியில் பூஜ்யம் வரவே வராது.

பெரியநாயகி அம்மாவை யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லவும் கூடாதுதான். சுகாசினி மட்டும் முன்னால் வந்து, "முதலாளி, பூஜ்யத்த ஒண்ணுன்னு மாத்தினா சரியாப்பூடும். ஒரே நிமிஷம்" என்றாள்.

"நீ மடிக்கிற வேலையப் பாரும்மா. இதெல்லாம் படிச்சவங்க செய்றது" என்றார்.

பெட்டியை வழிக்காத அந்தப் பழக்கம் எனக்கும் தெரியும். ஃபங்ஷன் எழுதியபோது பக்கத்திலேயே இருந்தவள் நான். வாய் திறந்திருக்கலாம். என் வேலை போய்விடுமோ என்று வாயில் கொழுக்கட்டை அடைத்தவள் மாதிரி நின்றேன். அதை நினைத்தால் எனக்கே என்மேல் ஆத்திரமாக இருக்கிறது.

அடுத்த வாரம் முதலாளியின் அக்கா மகன் தினேஷ் வந்தான். பூஜ்யத்தை ஒன்று என்று மாற்றினான். மாற்றியது அவ்வளவுதான். தை பிறக்கும்வரைகூட அவன் காத்திருக்கவில்லை, அன்றைக்கே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டான். மற்ற வரிகள் புரியாதபோதெல்லாம், "சுகாசினி" என்று கீழேயிருந்து கூப்பிடுவான். இவள் போய், பக்கத்தில் நின்றபடி சொல்லிக் கொடுத்துவிட்டு வருவாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டுக்குப் போனேன். உலையில் தண்ணீர் கொதித்தது. அவள் அரிசிப் பானைக்குள் கையை விட்டு வழித்து வழித்து அள்ளினாள்.

"அடியில ஒரு பிடி வுடுடி" என்றாள் அவள் அம்மா செல்லியம்மாள்.

"ஆறு வயசுலேர்ந்து வுட்டுக்கினுதாம்மா இருக்கேன். எழுதறப்ப அது எனக்கு ஞாபகம் வரலியே."

பானையைத் தூக்கி முறத்தின்மேல் கவிழ்த்தாள். அடியை இரண்டு தட்டுத் தட்டினாள். ஒட்டியிருந்த நாலு அரிசியும் விழுந்தது. அதையும் பொறுக்கி உலையில் போட்டாள்.