படுத்தால் வரும் தலைவலி

ஆவடியில் நாங்கள் வழக்கமாக வாங்கும் மருந்துக்கடையில் சீட்டை நீட்டியபோது, கடைக்காரர் அதைப் படித்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார்.

"பொண்ணுக்காம்மா? மூஞ்சில பருவா?"

"எனக்குத்தான். பரு இல்ல."

மேற்கொண்டு அவர் கேட்கவில்லை. மூளை, தண்டுவடம் என்று அந்தக் கூட்டத்தில் விளக்கிக்கொண்டு நிற்க எனக்கும் மனமில்லை. பருவுக்குப் பரவலாகக் கொடுக்கும் ஆன்டிபயாடிக் அது. எனக்கு இருப்பது மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ். உடம்பைக் காக்க வேண்டிய படையே நரம்புகளின் மேலுறையை அரிக்கும் நோய். முந்தைய ஐப்பசியில் என் இடது கால் அப்படித்தான் போயிற்று. வெள்ளானூர் பஸ் நிறுத்தத்திலிருந்து வீடு வரை ஒற்றைச் செருப்போடு நடந்து வந்திருக்கிறேன்; மற்றது கழன்றதே தெரியவில்லை. அதற்குப் போட்ட ஊசி கல்லீரலுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. அடுத்த மருந்தை முடிவு செய்யும்வரை இதைக் கொடுத்துப் பார்க்கலாம், இந்த நோய்க்கு இது வழக்கமான மருந்தில்லை, ஆனால் சிலருக்குக் கேட்டிருக்கிறது என்றார் டாக்டர். பொங்கல் முடிந்ததும் தொடங்கினேன். மாசியில் என் இடது பாதத்துக்குத் தரையின் குளிர்ச்சி தெரிந்தது.

எதற்கும் மாதம் வைத்துச் சொல்வது என் பழக்கம். தெருவுக்குத் தார் போட்டது, ஏரி நிரம்பியது, பக்கத்து மனையில் அஸ்திவாரம் தோண்டியது எல்லாம் எனக்கு மாதத்தோடுதான் நினைவிருக்கும். அதனால் உறுதியாகச் சொல்வேன்: கால் சரியான பிறகுதான் தலைவலி வந்தது. பங்குனி பிறந்த வாரம்.

முதலில் அதை வெயில் என்றே நினைத்தோம். அப்படி நினைக்கக் காரணமும் இருந்தது. சூடு இந்த நோய்க்கு ஆகாது என்று டாக்டரே எச்சரித்திருந்தார். என் கணவர் மதுரைப் பக்கத்துக்காரர். ஆவடியில் தொழிற்சாலையின் உலைப் பிரிவில் வேலை. சூட்டைப் பற்றி அவருக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம்.

"சூடு ஏறுனா இரும்பே வளையுது. நரம்பு எம்மாத்திரம்? அங்குட்டும் இங்குட்டும் அலையாம படு. தலகாணி வேணாம், சமமாப் படு."

ஜன்னல் திரைகளை இழுத்துவிட்டு, ஈரத்துண்டை என் கண்கள்மேல் போட்டு, மின்விசிறியைச் சுழலவிட்டுப் போவார். நான் படுத்துக்கொள்வேன். வலி பின்மண்டையில் தொடங்கி இரண்டு கண்களுக்கும் பின்னால் வந்து உட்காரும். எழுந்து சமையலறைக்குப் போனால் கொஞ்சம் குறைந்ததுபோல் இருக்கும். அவர் பார்த்துவிட்டால் மறுபடி படுக்கை.

மறு பரிசோதனை சித்திரைக் கடைசியில்தான். முன்னதாகவே போய்ச் சொல்லலாமா என்று அவரிடம் கேட்டேன்.

"தலவலின்னு சொன்னா மாத்திரைய நிப்பாட்டிருவாங்க."

"தெரியும்."

"அப்புறம் காலு?"

அந்தக் கேள்வி எங்கள் வீட்டில் பல நாள் அப்படியே நின்றது. காலைக் காப்பாற்றிக் கொடுத்த மாத்திரையைக் காட்டிக்கொடுக்க இருவருக்குமே துணிவில்லை. தலைவலி இல்லாத மனிதர் யார் என்று சொல்லிக்கொண்டோம்.

பிறகு அந்தச் சத்தம் வந்தது. ஒரு முற்பகல், கண்மேல் துண்டோடு படுத்திருந்தேன். மதில் சுவருக்கு அந்தப் பக்கம் மோட்டார் இரைந்துகொண்டே இருந்தது. விட்டு விட்டு, மூச்சு வாங்குவதுபோன்ற இரைச்சல். பக்கத்து வீட்டு அக்கா அம்பத்தூரில் ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலை செய்கிறாள், அன்று விடுமுறை. மோட்டாரைப் போட்டுவிட்டு மறந்திருப்பாள் என்று எழுந்து, துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு பின்பக்கம் போனேன்.

"அக்கா, மோட்டார் ரொம்ப நேரமா ஓடுது. டேங்க் வழியப்போகுது."

துணி உலர்த்திக்கொண்டிருந்தவள் திரும்பினாள்.

"இன்னாம்மே ஒளர்ற? எங்க வூட்ல காலைலேந்து கரண்டே இல்ல. மோட்டாரு எங்க ஓடுது?"

"கேக்குதே அக்கா. இப்பவும் கேக்குது."

"அப்போ உன் மண்டைக்குள்ளதான் ஓடுது" என்று சிரித்தாள்.

நான் சிரிக்கவில்லை. மணிக்கட்டில் விரல் வைத்துப் பார்த்தேன். இரைச்சலும் நாடியும் ஒரே கணக்கில் போய்க்கொண்டிருந்தன. தோளிலிருந்து துண்டு நழுவியது. எடுக்கக் குனிந்தேன். மதில் சுவர் ஓரங்களிலிருந்து சாம்பல் நிறமாகி, நடுவிலும் மறைந்து, அவள் குரல் மட்டும் இருந்தது.

"ஏய், இன்னாச்சு? என்னப் பாரும்மே! எங்க பாக்குற நீ?"

சில நொடிகள்தான். சுவர் திரும்பி வந்தது. அதற்குள் அவள் மதிலைச் சுற்றி ஓடி வந்து என்னைப் பிடித்திருந்தாள். பிடித்தபடியே தன் வீட்டைப் பார்த்துக் கத்தினாள்: "யோவ்! சாப்டுகினே இருந்தது போதும், ஆட்டோவ எடு! இந்தப் பொண்ணுக்குக் கண்ணு தெரியலங்குது!"

இரவு ஷிப்ட் முடித்துத் தூங்கிக்கொண்டிருந்த என் கணவர் எழுந்து வாசலுக்கு வந்தபோது அவர் முகத்தில் ரத்தமே இல்லை. ஆட்டோவில் ஏறியதும் அவர் சொன்ன முதல் வார்த்தை, "படு. என் மடில தலய வை."

படுத்தேன். ஆவடியைத் தாண்டிப் பூந்தமல்லி சாலையில் போகப் போக வலி கூடிக்கொண்டே வந்தது. மண்டைக்குள் யாரோ திருகாணியை முடுக்குவதுபோல ஒவ்வொரு சுற்றாக ஏறியது. இரைச்சலும் கூடவே ஏறியது. சென்னீர்குப்பம் அருகே லாரிக்குப் பின்னால் ஆட்டோ நின்றபோது பொறுக்க முடியாமல் எழுந்து உட்கார்ந்தேன்.

"படுன்னா கேக்க மாட்டியா?"

ஆட்டோ ஓட்டிய அக்காவின் கணவர் கண்ணாடியில் பார்த்தார். "ஒக்கார வுடு சார். இந்த டிராபிக்ல எப்புடியும் அர மணி ஒக்காரத்தான் போறோம்."

குமணன்சாவடியில் அவர் சொன்னபடியே மாட்டிக்கொண்டோம். உச்சி வெயில். நாலு பக்கமும் ஹாரன். எங்கள் கணக்குப்படி என் தலை வெடித்திருக்க வேண்டும். வலியோ மெல்ல மெல்ல இறங்கியது. நான் அசையாமல் உட்கார்ந்து அதைக் கவனித்தேன். மனசுக்குள் பங்குனியின் நாட்கள் ஒவ்வொன்றாக ஓடின. வலி மோசமான நேரங்கள் எல்லாம் நான் சமமாகப் படுத்திருந்த நேரங்கள்.

"வெயில் இல்லங்க. படுத்தாத்தான் வருது" என்றேன்.

அவர், என் தலை இருந்த இடத்தில், வேட்டியில் ஈரம் பரவியிருந்ததைத் தடவிக்கொண்டே ஆஸ்பத்திரி வரை வந்தார்.

டாக்டர் அறையை இருட்டாக்கி, சின்ன விளக்குக் கருவியால் என் கண்களுக்குள் பார்த்தார். வலது, இடது, மறுபடி இடது. இடது கண்ணில் அதிக நேரம் எடுத்துக்கொண்டார்.

"தலைவலி எப்போ அதிகம்?"

"படுத்தா. குனிஞ்சா. இருமினாலும்."

"இந்த மாத்திரை சிலருக்கு மண்டைக்குள்ள இருக்கிற நீரோட அழுத்தத்தை ஏத்திடும். கண் நரம்பு வீங்கியிருக்கு. ஸ்கேன் எடுத்து வேற காரணம் இல்லைன்னு பாத்துட்டு, முதுகுல ஊசி போட்டு அழுத்தத்தை அளக்கணும். மாத்திரையை இன்னியோட நிறுத்துங்க."

என் கணவர் மேசையைப் பிடித்துக்கொண்டார். "நிறுத்திட்டா கால் என்னாகும் டாக்டர்?"

"தெரியாது சார். மரத்துப்போறது வராமலும் இருக்கலாம், திரும்ப வரவும் செய்யலாம். காலுக்கு வேற மருந்து பாக்கலாம். கண் போச்சுன்னா திருப்பிக் கொடுக்க எங்கிட்ட ஒண்ணும் இல்ல."

முதுகில் எடுத்த நீர், இருக்க வேண்டியதைவிட மிகுந்த அழுத்தத்தில் வந்தது. அதைக் குறைக்க வேறு மாத்திரை எழுதினார்கள். அதனால் விரல்களில் ஊசி குத்துவதுபோல் இருக்கும், பயப்பட வேண்டாம் என்றார்கள். விரலில் ஊசி குத்துவது என் நோய்க்கும் வழக்கம். எது எதனுடையது என்று தெரியாமல் சித்திரையும் வைகாசியும் போயின.

மூன்று தலையணைகளை அடுக்கிச் சாய்ந்தபடியே உறங்கினேன். காலையில் கண்ணைத் திறக்கும் முன் இடது காலைத் தரையில் வைத்துப் பார்ப்பேன். பிறகு கண். எதிர்ச்சுவரில் தினசரி காலண்டர். முதல் காலை, தேதியை நான் சரியாகச் சொன்னதும் என் கணவர் நம்பவில்லை.

"தேதி உனக்குப் பாக்காமலே தெரியும். அது செல்லாது. கீழ ராசிபலன படி. வலது கண்ண மூடிக்கிட்டு."

"மேஷம், நன்மை. ரிஷபம், அலைச்சல்."

"துலாம்?"

துலாம் மங்கலாக இருந்தது. அவர் தாளைக் கிழிக்காமல் நின்றார். அது பல காலைகள் அப்படியேதான் இருந்தது. ஆனியில் துலாம் தெரிந்தது. மீனம் மட்டும், தாளின் ஓரத்தில், இன்றுவரை எனக்கு முழுதாகத் தெளியவில்லை. ஆடியில் வேறு மருந்து தொடங்கினோம். இடது காலுக்கு இதுவரை தரையின் குளிர்ச்சி தெரிகிறது.

தலைவலி நின்ற பிறகும் அந்த இரைச்சலை என் காது தேடிக்கொண்டே இருந்தது. ஆடியில் ஒரு நாள் பின்பக்கக் குழாயில் குடம் வைக்கக் குனிந்தேன். கேட்டது. குனிந்தபடியே மணிக்கட்டைப் பிடித்தேன். நாடி ஒரு கணக்கில் போனது. இரைச்சல் இடைவெளியே இல்லாமல் இன்னொரு கணக்கில்.

"அக்கா! உங்க மோட்டார் ஓடுதா?"

மதிலுக்கு மேலே தலை வந்தது. என்னைப் பார்த்ததும் அவள் முகம் மாறியது.

"ஓடுதும்மே. நெசமாத்தான் ஓடுது. ஏன், இன்னா பண்ணுது உனக்கு?"

மணிக்கட்டை விட்டேன்.

"ஒண்ணும் இல்ல. டேங்க் வழியுது, நிறுத்துங்க."