முதல் தண்ணீர்

அமலோற்பவத்தைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்ல எனக்கு வாய் வராது. இருந்தாலும் சொல்கிறேன்.

திண்டுக்கல் பேகம்பூரில் அப்துல் ஹாதி பாயின் பிரியாணிக் கடையில் அண்டா கழுவுகிறவள் அவள். காலை ஆறு மணிக்குச் சின்ன வெங்காயம் உரிக்க உட்கார்ந்தால், அண்டாவெல்லாம் கழுவி வீடு போய்ச் சேர நாலு மணியாகும். புருஷன் இறந்து ஒன்பது வருடம். கோயிலில் கடைசி வரிசையில் நிற்பாள். பாட்டுக்கு வாய் அசையும், சத்தம் வராது. அவள் வந்திருப்பதே யாருக்கும் தெரியாது. எனக்கும் அதுதான் வசதியாக இருந்தது.

பீடத்துத் துணிகளைத் துவைப்பது பதினெட்டு வருடமாக என் வேலை. அதிலும் திருமேனித் துகில், அதாவது பூசையில் நற்கருணை அப்பத்தை வைக்கிற வெள்ளைத் துணி, வேறு யார் வீட்டுக்கும் போனதில்லை. மகள் பிரசவத்துக்குத் திருப்பூர் போய் இரண்டு மாதம் கழித்துத் திரும்பினேன். பங்குச்சாமியார் எல்லாவற்றையும் அமலோற்பவத்திடம் கொடுத்திருந்தார்.

"அவங்களே துவைக்கட்டும்மா. உங்களுக்கும் முட்டிவலி" என்றார்.

முட்டிவலியாம். எனக்கு எரிந்தது வயிறு. அடுத்த நாலு ஞாயிறும் பூசையில் ஒரு செபம்கூட உருப்படியாகச் சொல்லவில்லை. துணியில் ஒரு மஞ்சள் கறையாவது தெரியாதா என்று பீடத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். பாழாய்ப்போன துணி பளிச்சென்று இருந்தது.

கடைசியில் சாமியாரிடமே போனேன். "கறி அண்டா கழுவுற கை சாமி. ஆண்டவர் காரியத்துல ஒரு மரியாதை வேணாமா?"

"போய்ப் பாருங்க. சுத்தமில்லைன்னா துணிய வாங்கிட்டு வந்துருங்க" என்றார். பையோடு கிளம்பினேன்.

அவள் தன் வீட்டுக்குப் பின்னால் தலையில் முக்காடிட்டு உட்கார்ந்திருந்தாள். இதற்கென்றே ஒரு புதுப் பாத்திரம். துணியைத் தண்ணீரில் அலசி எடுத்தாள். கையெட்டும் தூரத்தில் சாக்கடை இருந்தும், அந்தத் தண்ணீரைச் சிந்தாமல் தூக்கிப்போய் மல்லிகைச் செடியின் தூரில் ஊற்றினாள். பிறகுதான் சோப்பை எடுத்தாள்.

"எதுக்கு அங்கன ஊத்துற?" என்றேன்.

"அப்பத்தோட துகள் ஒட்டியிருந்தா அது ஆண்டவருல்லக்கா? முதத் தண்ணி கால் படாத மண்ணுலதான் போகணும். நீங்கதான அன்பியக் கூட்டத்துல சொன்னீங்க?"

சொன்னேன்தான். தெருக்காரர்கள் கூடிச் செபிக்கிற அன்பியக் கூட்டத்தில் ராகம் போட்டுப் பேச என்னை விட்டால் ஆள் ஏது? வீட்டிலோ வாஷிங் மெஷினில் போட்டுப் பொத்தானை அமுக்கிவிட்டு டிவி முன்னால் உட்கார்ந்துவிடுவேன். முதல் தண்ணீர் சாக்கடைக்குத்தான் போனது, வாரா வாரம்.

என் கையிலிருந்த பையை அவள் பார்த்துவிட்டாள். "வாங்கிட்டுப் போக வந்தீங்களாக்கா? செத்த இருங்க, காய வச்சுத் தாரேன்." குரல் இறங்கிவிட்டது. அவளுக்கென்று கோயிலில் இருந்தது அந்த ஒரு வேலைதான்.

"வேணாம். நீயே வச்சுக்க" என்றேன்.

பொறாமை போய்விடவில்லை. முன்பு துணிக்காக எரிந்தேன். இப்போது அவளுக்கிருந்த அந்தப் பயபக்திக்காக எரிந்தேன்.

வெறும் பையோடு திரும்பினேன். கோயில் வாசலிலேயே சாமியார் நின்றிருந்தார். "சுத்தமா இருந்துச்சா?"

"அவ சுத்தமாத்தான் செய்யுறா சாமி" என்றேன். "நான் பாவசங்கீர்த்தனம் பண்ணணும்."

பாவத்தைச் சொல்ல, முட்டிவலியோடு முழங்காலிட்டேன்.