சுழியோடிக் கண்ணாடி போட்ட மணிக்காரி

முதலில் கோழி வெளியே போகும். பிறகு பூனை. கடைசியாகப் புருசன்.

இந்த ஒழுங்கில் சமையல் குசினி காலியான பிறகுதான் நுஸ்ரத் ராத்தா மெசினைத் தொடுவார். தலைத்துணியின் இரண்டு நுனியையும் சட்டைக் கழுத்துக்குள் திணிப்பார். கையை முழங்கைவரை சுருட்டி, வளையலைக் கழற்றிக் கோப்பைக்குள் போடுவார். மூக்கையும் வாயையும் தூசுக்கவசத்தால் மூடுவார். பிறகு சுவரில் தொங்குகிற சுழியோடிக் கண்ணாடியை எடுத்து முகத்தில் மாட்டுவார். புறாமலைப் பக்கம் கடலுக்கடியில் மீன் பார்க்கப் போகிற சுற்றுலாக்காரருக்குக் கொடுத்துக் கொடுத்துப் பட்டி இளகிப்போன கண்ணாடி அது. குசினிக்குள் ஒரு சொட்டுக் கடல் கிடையாது. ஆனாலும் ராத்தா நிற்கிற நிலையைப் பார்த்தால், அடுத்த நொடி ஒரு சுறாவின் வாலைப் பிடித்து இழுக்கப்போகிறார் என்றுதான் தோன்றும். ஊருக்குப் புதிதாக வந்த மீன்காரர் ஒருவர் ஜன்னலால் எட்டிப் பார்த்துவிட்டு, "நீங்களே பிடிக்கிறீங்க போல, தங்கச்சி" என்று பெட்டியைக் கட்டிக்கொண்டு சைக்கிளைத் திருப்பிவிட்டார்.

இத்தனை ஆயத்தமும் ஒரு மணியோடு மல்லுக்கட்டத்தான். கடலை அளவில் ஒரு மணி.

திருகோணமலை உட்துறைமுகப் பக்கத்து ஒழுங்கையில் முஸ்லிம் வீடுகளுக்கெல்லாம் அவர் ராத்தா, தமிழ் வீடுகளுக்கெல்லாம் அக்கா. தொழில், பொலிமர் களியில் மணி செய்து மாலை கோப்பது. களி என்று பெயரே தவிர, அது மண்ணில்லை. பிளாஸ்டிக் குடும்பத்தில் பிறந்து இடியப்ப மாவு வீட்டில் வளர்ந்த பிள்ளை. பிசைந்தால் இளகும், அவண் அடுப்பில் வைத்தால் இறுகும். அந்த அவணில் ஒருநாள் பாண் சூடாக்கலாமா என்று கேட்ட குற்றத்துக்காக அவருடைய கணவர் ஸப்வான் இன்னமும் பேச்சு வாங்கிக்கொண்டிருக்கிறார். "சாப்பாட்டு அவண் வேற, மணி அவண் வேற. ஒங்கட வயித்துக்கும் மினுக்கம் போடணுமா?"

வெந்த மணியைப் பேசனில் தண்ணீர் விட்டு, தண்ணீருக்குள்ளேயே வைத்து சாண்ட்பேப்பரால் தேய்ப்பார். முதலில் முரட்டுத்தாள், போகப்போக மென்தாள். தூசு பறக்காமல் தண்ணீரோடு போய்விடும். வார்னிஷ் பூசினால் வேலை சுருக்கமாக முடியும்தான். ஆனால் எங்கள் ஊர் வெயிலுக்கும் வேர்வைக்கும் வார்னிஷ் சிலவேளை பிசுபிசுத்து, மாலை கழுத்தை விட்டு வர மறுத்துவிடும். அதனால்தான் மினுக்கம் போட மெசின்.

மெசின் ஸப்வானுடையது. தடித்த பேனை மாதிரிக் கையில் பிடிக்கிற சாமான், நுனியில் சின்னச் சில்லு சுழலும். அவர் உடைந்த பைபர் படகுகளை ஒட்டுகிறவர். ஒட்டின இடத்தைத் தேய்க்க முழு வேகத்தில் வைத்து ஓட்டுவார். அந்தச் சத்தத்துக்கு எலும்பெல்லாம் கழன்று விழும்.

முதல்முதலாக அதை வாங்கிப் பார்த்த அன்று ராத்தா இரண்டு பிழை விட்டார். வேகத்தைக் குறைக்கவில்லை, மணியை விரலால் பிடித்தார். மணி "விர்" என்று ஜன்னலால் கிளம்பி, மதிலைத் தாண்டி, முருங்கை மரத்துக்கு ஒரு ஸலாம் சொல்லி, பக்கத்து வீட்டுச் சொதிச் சட்டிக்குள் இறங்கியது. மத்தியானம் சிவகுருநாதன் மாஸ்டர் மதிலுக்கு மேலால் தலையை நீட்டினார்.

"நுஸ்ரத், சொதி நல்ல ருசி. ஆனா ஒரு கிழங்கு மட்டும் வேகேல்ல."

அடுத்த மணிக்கு அவ்வளவு தூரம் போகப் பொறுமை இல்லை. ராத்தாவின் இடது புருவத்திலேயே இறங்கிவிட்டது. காயத்துக்கும் கண்ணுக்கும் நடுவில் ஓர் அரிசி நீளம்தான். அன்று பின்னேரமே சுழியோடிக் கண்ணாடி குசினிக்குக் குடிவந்தது.

இப்போது அவர் வேலையைப் பார்ப்பதென்றால் டிக்கட் போட்டுப் பார்க்கலாம். மணி விரலுக்கு வராது. மூங்கில் குச்சியில் இறுகக் கோத்த பிறகுதான் சில்லுக்குக் கிட்டப் போகும். சில்லு என்பது மெத்தென்ற பஞ்சுத்துணிச் சில்லு. அதன் கீழ் விளிம்பில், தன்னை விட்டு அப்பால் ஓடுகிற பக்கத்தில் மட்டும் மணியைத் தொடுவார். நழுவினால் மணி முகத்துக்கு வராது, எதிரே துவாய் விரித்து வைத்த மட்டைப் பெட்டிக்குள் போய்ப் படுத்துவிடும். வேகம் எப்போதும் ஆகக் குறைந்ததில். அமத்தி அழுத்தமாட்டார், ஓரிடத்தில் நிறுத்தவும் மாட்டார். நின்றால் சூடேறும், சூடேறினால் மணி இளகிப் பள்ளம் விழும்.

"கைப்புள்ளைக்கு மூஞ்சி தொடைக்கிற மாதிரி" என்பார். "அமத்தினா அழும், விட்டா அழுக்கு."

சில்லு மாற்றும்போது ப்ளக்கைக் கழற்றி மடியில் வைத்துக்கொள்வார். "சுவிச்ச நம்பலாம். எங்கட வீட்டில சுவிச்சில கை வெக்கிற ஆக்கள நம்ப ஏலாது."

எல்லாம் முடிந்த மணியைக் கீழ் உதட்டில் ஓர் உருட்டு உருட்டுவார். உதடு சரி என்றால்தான் சரி. பளிங்கு மாதிரி மினுங்குகிற மணிகளையே உதடு வேண்டாமென்று தள்ளியிருக்கிறது. அந்த உதட்டுக்கு வாய்தா வாங்கவும் ஏலாது, மேல்முறையீடும் கிடையாது.

போன மாதம் இந்தக் கோர்ட்டுக்கு ஒரு புது வழக்கு வந்தது. சாம்பல்தீவுப் பெட்டை, நிவேதிகா. கல்யாணம் பேசி முடித்திருந்தார்கள். நிச்சயதார்த்தத்துக்குக் கவரிங் செட் போட்டவளுக்குக் கழுத்தைச் சுற்றிச் சிவப்பாகத் தடித்துவிட்டது. மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் அதைப் பார்த்தார்கள். பார்த்தவர்கள் பேசாமல் இருப்பார்களா? "பெட்டைக்கு ஏதோ தோல் வருத்தமாம்" என்ற கதை அவளுக்கு முன்னால் வீடு போய்ச் சேர்ந்தது. பொன் என்றால் கடிக்காது. தாலிக்கு மட்டும்தான் பொன் இருந்தது. அடுத்தது கல்யாண எழுத்து, பதிவு நாள். அதே பெண்கள் அதே கண்களோடு வருவார்கள். வெறுங்கழுத்தோடு நின்றால் ஒரு கதை, தடித்த கழுத்தோடு நின்றால் கல்யாணமே கதையாகிவிடும்.

"உலோகம் ஒண்டும் ஏலாது அக்கா. கொக்கிகூட ஏலாது" என்றாள். சொல்லும்போதே கை கழுத்தை மூடிக்கொண்டது.

ராத்தா அந்தக் கையை எடுத்துவிட்டுப் பார்த்தார். "ஒங்கட கழுத்தில ஒரு பிழையும் இல்ல, மகள். அதுக்குப் பொய் புடிக்கல்ல, அவ்வளவுதான். நல்ல கழுத்து."

முதலில் நூலில் ஒற்றை மணியைக் கோத்து அனுப்பினார். ஒரு கிழமை கழுத்தில் கிடக்கட்டும், கடித்தால் வேறு வழி பார்ப்போம் என்றார். கடிக்கவில்லை. அதன் பிறகுதான் அவளுடைய சேலையின் மாம்பழ நிறத்தையும் கரும்பச்சையையும் பிசைந்து மாலைக்குரிய மணிகளை உருட்டினார். கொக்கிக்குப் பதிலாக நூல் கண்ணியும் ஒரு பொத்தான் மணியும்.

எழுத்து நாளும் வந்தது, வில்லங்கமும் வந்தது. ஸப்வான் இறக்கக்கண்டிக் கரையில் அடி கிழிந்த ஒரு படகை ஒட்டப்போனவர், மெசினோடு அங்கேயே தங்கிவிட்டார். வந்து சேர்ந்தது அன்று மத்தியானம். கூட்டாளி ஒருவரின் கடை திறப்புக்குப் போகவென்று குளித்து, பெருநாளுக்கு எடுத்த புது டெனிமை மாட்டிக்கொண்டு, மாப்பிள்ளை மாதிரி வாசலில் நின்றார். உள்ளே மினுக்கம் போடாத மணிகள் கொஞ்சம் கிடந்தன. மாலையின் நடுவில் வருகிற பெரிய மணியும் அதற்குள்தான். வாசலில் ஆட்டோ வந்து நின்றது. நிவேதிகாவும் அவளுடைய சித்தி குணேஸ்வரியும் இறங்கினார்கள்.

குணேஸ்வரி தலை முழுகி, முடியை விரித்துவிட்டு வந்திருந்தார். நேரே வந்து மெசினுக்குப் பக்கத்தில் கதிரையைப் போட்டார்.

"அக்கா, கொண்டையப் போடுங்க. இல்லாட்டி விறாந்தையில இரிங்க" என்றார் ராத்தா.

"ஈரத்தலையைக் கட்டினா தடிமன் பிடிக்கும்."

"தடிமன் ஒரு கிழமையில போயிரும். முடி சில்லில சுத்தினா தலையே போயிரும்."

குணேஸ்வரி முணுமுணுத்துக்கொண்டு கொண்டை போட்டார். ராத்தா கண்ணாடியை மாட்டி, மெசினின் வேகத்தைப் பார்த்தார். நினைத்த மாதிரியே பைபர் வேகத்தில் கிடந்தது. அதைக் குறைத்து, ஒரு கழிவு மணியைக் குச்சியில் கோத்துப் பிடித்துப் பார்த்தார்.

"இதுக்கும் ஒரு ஒத்திகையோ? நேரா அந்த மணியைப் பிடியுங்கோவன். நாங்கள் போய்ச் சேலை கட்ட வேண்டாமே?"

"பொறுங்க அக்கா."

வெளியே ஆட்டோக்காரர் பாம் பாமென்று கோன் அடித்தார். குணேஸ்வரிக்குப் பொறுமை அறுந்தது.

"கழுத்தில இருக்கிற வருத்தத்தை மறைக்கத்தானே இது? அதுக்கு இவ்வளவு மினுக்கம் எதுக்கு?"

நிவேதிகாவின் கை கழுத்துக்குப் போய்விட்டது. பேசனில் கிடந்த தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

ராத்தாவின் கையிலிருந்த குச்சி நடுங்கத் தொடங்கியது. பக்கத்தில் நின்றிருந்தால் அவருடைய மூச்சில் அப்பம் சுடலாம். கண்ணாடியின் உள்பக்கம் மூச்சாவி படர்ந்துவிட்டது. மெசினை நிறுத்தினார். ப்ளக்கைப் பிடுங்கினார். வயரைச் சுருட்டி, அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினார்.

"ஐயோ, என்ன செய்யிறீங்க?" என்று எழும்பினார் குணேஸ்வரி.

"கோவத்தோட நான் மெசினத் தொடமாட்டன். கை ஆடுது. இந்தக் கையால புடிச்சா மணியும் போகும், என்ட கண்ணும் போகும்."

"அப்ப பிள்ளை வெறுங்கழுத்தோடயோ போய் நிக்கிறது? நான்தானே அந்தச் சனத்துக்கு முகம் குடுக்க வேணும்!" குணேஸ்வரியின் குரல் உடைந்துவிட்டது. அதற்குள் இருந்தது கோபமில்லை என்று அப்போதுதான் எல்லாருக்கும் விளங்கியது. மனுசி பயந்துபோய் இருந்தார்.

ராத்தா கண்ணாடியைக் கழற்றினார். முகத்தில் வட்டமாக அச்சு விழுந்திருந்தது. வாசல் பக்கம் திரும்பிக் கத்தினார். "இஞ்ச வாங்க! காச்சட்டையக் கழட்டுங்க!"

ஸப்வான் உறைந்து போனார். "என்ன புள்ள கதைக்கிறீங்க! ஆக்கள் இரிக்காங்க!"

"சாரத்த உடுத்திட்டுக் கழட்டுங்க! டெனிம் துணி வேணும். வேலைக் காச்சட்ட ஏலாது, பைபர்த் தூசு மணியக் கீறிப்போடும்."

பெருநாள் டெனிம் வந்தது. ஸப்வான் சாரத்தோடு கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டார். டெனிமில் கையால் தேய்த்தாலும் மணி மினுங்கும், மெசினை விட நேரம் எடுக்கும், அவ்வளவுதான். ராத்தா காற்சட்டையின் ஒரு காலை எடுத்துக்கொண்டு மறுகாலைக் குணேஸ்வரியின் மடியில் எறிந்தார்.

"பலத்த எல்லாம் இதில காட்டுங்க, அக்கா."

குணேஸ்வரி காட்டினார். கொழும்பிலிருந்து ரயிலை இழுத்து வந்தவர் மாதிரிக் காட்டினார். இவர் இழுக்க அவர் சாய, அவர் இழுக்க இவர் சாய, ஸப்வானின் காற்சட்டை நடுக்கடலில் சிக்கின பாய் மாதிரித் துடித்தது. ஆட்டோக்காரர் இன்னொருமுறை கோன் அடித்தார். ராத்தா அவரையும் கூப்பிட்டார்.

"தம்பியும் டெனிம்தானே போட்டிருக்கீங்க? தூசியத் தட்டிட்டு வாங்க. கோன் அடிச்ச கையால ஒரு மணியத் தேயுங்க."

அவர் படியில் இருந்து, தன் தொடையில் மணியை வைத்துத் தேய்த்தார். நாக்கை வெளியே தள்ளிக்கொண்டு, பரீட்சை எழுதுகிற பிள்ளை மாதிரி.

"இவ்வளவு தேய்ச்சது காணும்" என்று குணேஸ்வரி பெரிய மணியை நீட்டினார். ராத்தா உதட்டில் உருட்டிவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். மறுபடி நீட்டினார். மறுபடி திரும்பி வந்தது. மூன்றாவது தடவை குணேஸ்வரி நீட்டவில்லை. தன்னுடைய உதட்டில் தானே உருட்டிப் பார்த்தார். பார்த்துவிட்டு, குனிந்து இன்னும் தேய்த்தார்.

கடைசியில் அந்த மணி வந்தபோது அதற்குள் ஜன்னலும் தென்னையும் நாலு தலையும் குட்டியாக வளைந்து தெரிந்தன. ராத்தா அதை நடுவில் கோத்து, நூலை முடிந்தார். நிவேதிகா திரும்பி நின்றாள். அவளுடைய முடியைக் குணேஸ்வரி இரண்டு கையாலும் அள்ளி மேலே தூக்கிப் பிடித்தார்.

"இப்பிடியே தூக்கிக் கட்டுவம், பிள்ளை. கழுத்து வடிவா வெளியால தெரியட்டும்."

நிவேதிகா கண்ணாடி கேட்டாள். ஸப்வான் ஒரு கையால் சாரத்தைப் பிடித்தபடி மறுகையால் சுவர்க்கண்ணாடியைக் கழற்றிக் கொண்டுவந்தார். ஆட்டோக்காரர், "சோக்கா இருக்கு, தங்கச்சி" என்றார். எல்லாரும் மாலையைப் பார்த்தார்கள்.

ராத்தா மட்டும் மாலையைப் பார்க்கவில்லை. அவர் தன் சுட்டுவிரலை மாலைக்கும் தோலுக்கும் நடுவில் மெல்ல நுழைத்தார். கண்ணை மூடிக்கொண்டு, ஒவ்வொரு மணிக்கும் அடியில் நின்று நின்று, பிள்ளையின் கழுத்தைச் சுற்றி முழுதாக ஒருமுறை போய் வந்தார்.