ஜன்னலில் வைத்த கூலர்

சித்திரை பிறந்ததும் என் மனைவிக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. இதயத்தில் ஏதோ வால்வு பழுது என்று முந்தின வருஷமே சொல்லியிருந்தார்கள். மழைக்காலத்தைத் தாண்டிவிட்டாள், பனியையும் தாண்டிவிட்டாள். வெயில்தான் அவளை மடக்கிப் போட்டது. "இந்தச் சூடு அந்த உடம்புக்கு ஆகாதுப்பா. குளிர்ச்சியான இடமா பாத்துப் படுக்க வை" என்றார் டாக்டர். அவருக்கென்ன, சொல்லிவிட்டார். அந்த மாதத்தில் சின்ன காஞ்சிபுரத்தில் குளிர்ச்சியான இடம் பெருமாள் கோயில் உள்பிராகாரம் ஒன்றுதான். அங்கே கட்டில் போட விடுவார்களா?

எங்கள் வீடு ஒரே கூடம். பாதியைத் தறி அடைத்துக்கொண்டிருந்தது, மீதிப் பாதியில் அவள் கட்டில். தெருப்பக்கம் ஒரு ஜன்னலும் வாசற்கதவும், பின்னால் கொல்லைக் கதவு. பட்டு இழைகளை நீளவாக்கில் இழுத்துக் கட்டித் தறியில் பாவு ஏற்றிவிட்டால் எல்லாவற்றையும் சாத்திவிடுவோம். அனல்காற்று பட்டால் இழை அறும், புழுதி படிந்தால் புடவை போச்சு. என் அப்பா சாத்தினார், நானும் சாத்தினேன். எங்கள் தெருவில் தறி ஓடுகிற எந்த வீட்டிலும் அதுதான் வழக்கம்.

அவள் தம்பி மெட்ராஸில் ஒரு அதிகாரி வீட்டில் வேலை செய்துகொண்டிருந்தான். அக்காவின் நிலைமை தெரிந்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் கூரையில் ஒரு தகரப் பெட்டியைப் போட்டுக்கொண்டு வந்து இறங்கினான். அதிகாரி வீட்டில் புதுசு வாங்கிவிட்டதால் பழையதைக் கேட்டு வாங்கி வந்தானாம். உள்ளே ஒரு மின்விசிறி, மூன்று பக்கமும் வெட்டிவேர்த் தட்டி, அடியில் தண்ணீர்த் தொட்டி, தண்ணீரை மேலே ஏற்றித் தட்டியில் சொட்டவிட ஒரு குட்டி மோட்டார். அதற்குப் பெயர் கூலர் என்றான். தெருவே வந்து பார்த்துவிட்டுப் போனது.

"அவங்க கூடத்துல இத்தப் போட்டா மே மாசத்துல போர்வ கேக்கும் மாமா. நானே பாத்திருக்கேன்" என்றான்.

ஜன்னல் கதவைக் கழற்றி, கம்பிகளை அறுத்து, வெளியே இரும்புத் தாங்கி அடித்துப் பெட்டியை உட்காரவைத்தோம். விளக்குக்கு வந்த ஒயரிலிருந்து இழுத்துப் பிளக் மாட்டினான். பெட்டிக்கும் சுவருக்கும் இடையில் சந்து இருந்தது. வெளிக்காற்று புகுந்து பாவைக் கெடுத்துவிடும் என்று கோணிப்பையைத் திணித்து அடைத்தேன். தொட்டியில் கிணற்றுத் தண்ணீரை ஊற்றி சுவிட்சைப் போட்டதும் வெட்டிவேர் வாசனையோடு காற்று வந்தது. அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

"கோயிலுக்குள்ள படுத்துக்கினு இருக்கிற மாதிரி இருக்குது" என்றாள். "வைகாசி கருட சேவைக்குள்ள எழுந்துடுவேன், பாருங்க."

நான் நம்பினேன். அன்று அவள் சொன்னது அத்தனையும் நம்பினேன். மச்சான் மதிய பஸ்ஸுக்கே திரும்பிவிட்டான்.

அவன் போன கொஞ்ச நேரத்திலேயே காற்று கனத்தது. பித்தளைச் சொம்பு வியர்த்தது. சுவரில் கை வைத்தால் பிசுபிசுத்தது. தறியில் விறைப்பாக நின்ற பாவு தொய்ந்து தொங்கியது. அவள் ரவிக்கை உடம்போடு ஒட்டிக்கொண்டது, மூச்சு முன்னைவிட வேகமாக வாங்கியது. குளிர் எங்கோ வெளியே ஒழுகிப் போகிறது என்றுதான் எனக்குத் தோன்றியது. கொல்லைக் கதவின் அடியில் பழைய வேட்டியைச் சுருட்டி வைத்தேன். வாசற்கதவுக்கும் அப்படியே. தண்ணீர் போதவில்லையோ என்று குடம் குடமாக ஊற்றினேன். ஊற்ற ஊற்ற வீடு இட்லிப் பானையாகிக்கொண்டு வந்தது.

மறுநாளும் அதே கதைதான், அதற்கடுத்த நாளும். ஆத்திரம் தாங்காமல் பெட்டியை ஓங்கி ஓர் அறை விட்டேன். ஓட்டை மெஷின், அந்த அதிகாரி நம் தலையில் கட்டிவிட்டான் என்று கத்தினேன்.

"அத்த ஏன் அடிக்கிறீங்க? அதுவும் பாவம், மூச்சு வாங்கிக்கினுதான் இருக்குது" என்று சிரிக்கப் பார்த்தாள். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது.

"நிறுத்திடட்டுமா?"

"வேணாம். தம்பி அவ்ளோ தூரம் தூக்கிக்கினு வந்திருக்கான். ஓடட்டும்."

அவள் சொன்னபடி ஓடவிட்டேன். பக்கத்தில் உட்கார்ந்து பனையோலை விசிறியால் வீசினேன். அந்த ஈரத்தில் விசிறிக்காற்றும் ஈரமாகத்தான் போய் அவள் முகத்தில் விழுந்தது. என்னால் ஆனது அவ்வளவுதான் என்பது அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்த பிறகு வீசுவது மாதிரி கொடுமை வேறில்லை.

அந்த வாரம் முடிவதற்குள் ஒரு முற்பகலில் அவள் போய்விட்டாள். கடைசியாக என்னைப் பார்த்தாளா, தறியைப் பார்த்தாளா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

சாவு வீட்டில் கதவு சாத்தியிருக்கக் கூடாது. பக்கத்து வீட்டுக்காரர்கள் ஓடிவந்து வாசற்கதவை அகலத் திறந்தார்கள். நான் திணித்து வைத்த வேட்டியை யாரோ காலால் தள்ளிவிட்டுக் கொல்லைக் கதவையும் திறந்தார்கள். பாவு என்ன ஆகும் என்று கேட்க எனக்கு வாயில்லை. கூலரை நிறுத்த ஒருவருக்கும் தோன்றவில்லை, அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

தலைமாட்டில் ஏற்றிய விளக்கு அணைந்தது. மறுபடி ஏற்றினார்கள், மறுபடியும் அணைந்தது. எதிர்வீட்டு அம்மா முந்தானையை இழுத்துத் தோளைப் போர்த்திக்கொண்டு, "இன்னாமா, இப்டி ஜில்லுனு இருக்குது?" என்று பக்கத்திலிருந்தவளிடம் கேட்டாள்.

அப்போதுதான் எனக்கும் உறைத்தது. ஜன்னலிலிருந்து வந்த காற்று அவளைத் தாண்டி, தறியைத் தாண்டி, கொல்லைப்பக்கமாக வெளியே போய்க்கொண்டிருந்தது. கூடத்தில் ஈரம் இல்லை, புழுக்கம் இல்லை. மச்சான் சொன்னது பொய்யில்லை, போர்வை கேட்கும் குளிர்.

மாலையில் வந்து சேர்ந்த மச்சான் வாசலிலேயே நின்றுவிட்டான். காற்று முகத்தில் பட்டதும் ஜன்னலைப் பார்த்தான், கொல்லைக் கதவைப் பார்த்தான்.

"அந்த அதிகாரி வீட்ல பின்பக்க ஜன்னல் எப்பவும் தெறந்தே இருக்கும் மாமா" என்றான். "அது ஈரக்காத்து வெளிய போறதுக்குத்தான்னு எனக்குத் தெரியல."

அவன்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. யார்மேலும் வரவில்லை, அதுதான் தாங்க முடியவில்லை.

விளக்கு நிற்கமாட்டேன் என்கிறதே என்று ஒரு பெரியவர் எழுந்து சுவிட்சுப் பக்கம் போனார். அவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். வியர்வை காய்ந்திருந்தது. காதோர முடி இலேசாகப் பறந்துகொண்டிருந்தது.

"நிறுத்தாதீங்க" என்றேன். "அவளுக்கு வேர்க்கும்."