பிரான்சிஸ்கா சொல்லாத பதில்கள்

எங்கள் கரையில் பிரான்சிஸ்காவோடு வாய்கொடுத்துத் தப்பியவர் யாருமில்லை. மீன் வாங்க வரும் முதலாளிமாரை மறித்துவைத்து, ஏச்சும் சிரிப்புமாக விலையை ஏற்றிவிடுவாள். ஆனால் கையில் பேனையோடு ஒருவர் எதிரே இருந்து கேள்வி கேட்டால் அந்த வாய் அடைத்துப்போகும்.

காரணம் ஊருக்கே தெரியும். சண்டை முடிந்து வெளியே வந்தபோது, மேசைக்குப் பின்னால் இருந்த ஆமிக்காரர்கள் அவள் புருஷன் பஸ்ரியனிடம் தன்மையாகத்தான் கேட்டார்கள். அந்த மனுசனும் உள்ளதைச் சொன்னான். விசாரித்துவிட்டு விடுகிறோம் என்று கூட்டிப்போனார்கள். இன்றுவரை விடவில்லை. அதன்பிறகு முகாமில் மகள் சுவேதினிக்குச் செபத்தோடு சேர்த்து இதையும் பழக்கினாள்: "ஆர் என்ன கேட்டாலும் ஒரு பிரச்சினையும் இல்லை எண்டு சொல்லு."

மீள்குடியேறி வெள்ளாங்குளத்துக்கு வந்தபின், தகரக் கொட்டிலுக்குள் விறகுப் புகையிலும் கருவாட்டுத் தூசியிலும் கிடந்து பிள்ளைக்கு மூச்சிழுக்கும் முட்டு வருத்தம் கூடியது. கிளினிக்கில் தாதி ஜூலியட் மிஸ் மாதாமாதம் அதே கேள்விகளைக் கேட்பா. மருந்தைக் கூட்டுவதா குறைப்பதா, இனி வரும் முட்டு பிள்ளையை எவ்வளவு வருத்தும் என்பதெல்லாம் அந்தப் பதில்களை வைத்துத்தான் கணிக்க முடியும்.

"இரவில இருமி எழும்புறவவோ?"

"இல்லை மிஸ்."

"இழுக்கிற நேரம் அடிக்கிற இன்ஹேலர் அடிக்கடி தேவைப்படுதோ?"

"இல்லை மிஸ்."

"ஓடி விளையாடுறவவோ?"

"ஓம், நல்லா ஓடுவா."

ஓடுவாளாம்! கிணற்றடிக்குப் போய்வருவதற்குள் இடையில் குந்தி மூச்சு வாங்கும் பிள்ளை அது. பக்கத்துக் கொட்டிலில் இருக்கும் எனக்கே அவள் இருமலால் நித்திரை இல்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"உண்மையைச் சொன்னால் என்னடி, பிடிச்சுத் தின்னப்போகினமோ?" என்று கிளினிக் வாசலில் வைத்து ஏசினேன்.

"உங்களுக்குத் தெரியாது அக்கா. வருத்தக்காரப் பிள்ளை எண்டு எழுதினால் எங்கையாவது கொண்டுபோய் வச்சிருப்பினம்" என்றாள்.

வருத்தம் கட்டுப்பாட்டில் இருக்கிறது என்று நம்பி, தினமும் இழுக்கும் மருந்தைப் பாதியாகக் குறைத்து எழுதினார்கள். பிரான்சிஸ்கா அதையும் பேசாமல் வாங்கிவந்தாள்.

சோளகக் காற்று மண்ணை வாரி அடித்த ஒரு காலை, பிள்ளையின் உதடு கறுத்துப்போனது. இன்ஹேலரை எத்தனை தரம் அடித்தும் கேட்கவில்லை. ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். டொக்டர் ஒன்றும் கேட்கவே இல்லை. பிரான்சிஸ்கா தானாகவே கொட்டித்தீர்த்தாள். இருமி விடிந்த இரவுகள், போகாத பள்ளிக்கூடம், தீர்ந்ததும் ஒளித்துவைத்த இன்ஹேலர்கள்.

"எல்லாத்தையும் எழுதுங்கோ ஐயா, ஒண்டையும் விடாதேங்கோ" என்று அவர் கையைப் பிடித்து அழுதாள்.

அவர் ஒட்சிசனைப் பொருத்தியபடி பிள்ளையிடம் குனிந்தார்.

"எங்கையம்மா கஷ்டமாயிருக்கு?"

சுவேதினி பயந்துபோய்த் தாயைப் பார்த்தாள்.

"சொல்லு மகள், எல்லாத்தையும் சொல்லு. இனிப் பயமில்லை" என்று பிரான்சிஸ்கா கெஞ்சினாள்.

பிள்ளை சொல்லத்தான் பார்த்தாள். அதற்கு மூச்சு வேண்டுமே. மத்தியானத்துக்குள் அந்த மூச்சும் அடங்கிப்போனது.