ஆர்லனின் சுட்டுவிரல்

டுவைனின் துப்பாக்கிக் கடைக்குள் நுழைகிறவர்கள் முதலில் பார்ப்பது ஆர்லன் யோர்டாலைத்தான். அமெரிக்காவின் மொன்டானாவில் முப்பது வருஷம் போலீஸ் உத்தியோகம் பார்த்து ஓய்வுபெற்று, இப்போது இங்கே விற்பனைக்கு நிற்கிறவர். கண்ணாடிப் பெட்டிமேல் துணியை விரித்து மூன்று பிஸ்டல்களை வைப்பார். ஒன்றில் முதல் குண்டுக்கு விசையை நீளமாக, பலமாக இழுக்க வேண்டும்; அடுத்த குண்டிலிருந்து லேசாகிவிடும். இன்னொன்று எப்போதுமே லேசு. அதனால் தவறி வெடிக்காமலிருக்க விசைக்கு ஒரு பூட்டு உண்டு, மறக்காமல் போட்டுவைக்க வேண்டும். கடைசியில் இருப்பது பிளாஸ்டிக் உடம்பு, அதில் பூட்டு இல்லை. எல்லாக் குண்டுக்கும் நடுத்தரமான ஒரே இழுப்பு. எது உசத்தி என்று கேட்டால், "வீட்ல யார் யார் இருக்கீங்க?" என்று திருப்பிக் கேட்பார்.

அவர் இடுப்பில் இருந்தது முதல் வகை. அந்தக் குளிர்காலத்தில் மூட்டுவலி சுட்டுவிரலுக்கு வந்துவிட்டது. சுடும் திடலில் விசை பாதியில் நின்றது. மற்றக் கை விரலையும் சேர்த்து இழுத்ததில் குண்டு எங்கோ மண்மேட்டில் புதைந்தது. நல்லவேளை, யாரும் பார்க்கவில்லை. மனைவி மார்லிஸ் இறந்தபிறகு அவரோடு திடலுக்கு வர யாருமில்லை.

டுவைனிடம் சொல்ல வெட்கம். லீவு நாளில் பக்கத்து ஊர்க் கடைக்கு வண்டியை விட்டார். அங்கே கெல்சி என்ற இளம்பெண் விற்பனைக்கு நின்றிருந்தாள்.

"முதல் தடவையா வாங்குறீங்களா சார்?"

"ஆமாம்மா" என்று வாயில் வந்துவிட்டது.

"உள்ள குண்டு இல்ல, நான் பாத்துட்டேன். நீங்களும் ஒருவாட்டி பாத்துக்குங்க. விரல் நுனிய வைங்க. வெடுக்குனு இழுக்காம மெல்ல அமுத்துங்க."

அவளே அவர் விரலைப் பிடித்துச் சரியாக வைத்தாள். அவர் கையை ஒருவர் தொட்டு எத்தனையோ காலமாகியிருந்தது. தெரிந்த விஷயத்தையெல்லாம் புதிதாகக் கேட்பவர்போலத் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். மூன்றாவது வகை வலியில்லாமல் அமுங்கியது.

"இதுல பூட்டு கிடையாது சார். வீட்ல யார் யார் இருக்கீங்க?"

எத்தனையோ பேரிடம் அவர் கேட்ட கேள்விதான். இப்போது அவரைப் பார்த்தே வந்தது.

"நானும் என் வீட்டுக்காரியும்."

"அப்ப அவங்களையும் கூட்டிட்டு வாங்க! அவங்க கைக்கும் ஒத்துவரணும்ல? மூணு பேருமா போய்ச் சுட்டுப் பாக்கலாம்."

"வர்றோம்மா."

வண்டியில் ஏறி, கிளப்பாமல் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். இனி அந்தக் கடைக்குள் எந்த முகத்தோடு போவது?

மறுநாள் டுவைனிடம், "பூட்டில்லாத பிஸ்டல் ஒண்ணு எனக்கு எடுத்து வை" என்றார்.

"உனக்கா? பிளாஸ்டிக் பொம்மைன்னு நக்கலடிச்சவன்தானே நீ!"

"விரல் மடங்க மாட்டேங்குதுப்பா."

டுவைன் சிரிப்பை நிறுத்தினார். "இதச் சொல்றதுல என்னய்யா கௌரவக் குறைச்சல்?" என்று முனகிக்கொண்டே அலமாரியைத் திறந்தார்.

புதுப் பிஸ்டல் விரலுக்கு இதமாகத்தான் இருந்தது. ஆனாலும் பக்கத்து ஊர் வழியாகப் போனால், கெல்சியின் கடை வரும்போது வண்டியின் வேகத்தைக் குறைப்பார். கண்ணாடிக்கு அந்தப்பக்கம் அவள் யாரிடமோ கையை ஆட்டி ஆட்டிப் பேசிக்கொண்டிருப்பாள். அவர் நிறுத்தாமல் போய்விடுவார்.